அதுக்கு என்ன வேணுமாம்? 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' கடைசி சீசன் பற்றி ஒரு முறிவு ஆய்வு

என் பிழைப்பு உடைந்த இரும்பைப் பார்ப்பது. சேலத்தில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. ஓடிக்கொண்டிருந்த ஷாஃப்ட் (இயந்திரத்தின் சுழல்தண்டு) ஒன்று நடுராத்திரியில் இரண்டாக முறிந்தால், மறுநாள் காலையில் சாக்கில் சுற்றி எங்கள் மேஜைக்கு வரும். கொண்டுவருகிறவர் உடைந்த இடத்தைத் தொட்டுக் காட்டி "இங்கதான் சார் போச்சு" என்பார். தலையாட்டிவிட்டு வாங்கி வைத்துக்கொள்வோம். முறிந்த முகத்தைத் துடைத்து விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், அலை ஒதுங்கிப்போன மணலில் தெரிவதுபோல வரிவரியாக வளைவுகள் தெரியும். எல்லா வளைவும் ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றித்தான் விரிந்திருக்கும். சக்கரம் நழுவாமலிருக்கச் சாவிக்கட்டை பொருத்தும் பள்ளத்தின் மூலையாக இருக்கலாம், என்றோ யாரோ சுத்தியலால் தட்டிய தழும்பாக இருக்கலாம். விரிசல் அங்கே பிறந்து பல மாதம் நடந்து வந்திருக்கும். நேற்று ராத்திரி நடந்தது மிச்சமிருந்த துண்டு பிய்ந்தது மட்டும். அந்தத் துண்டு சொரசொரவென்று பயங்கரமாக இருக்கும். வந்தவர் தொட்டுக் காட்டியது அதைத்தான்.

இந்த ஆய்வையும் அதே கண்ணோடு எழுதுகிறேன். பொருள்: நெட்ஃபிளிக்ஸில் 2016 ஜூலை 15 அன்று தொடங்கி, அமெரிக்கக் கணக்கில் 2025 டிசம்பர் 31 அன்று முடிந்த திகில் தொடர் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'. மொத்தம் 5 சீசன், 42 எபிசோட். புகார்: கடைசி சீசனில் பயம் வேலை செய்யவில்லை. புகார்தாரர்கள் என் வீட்டு ஆட்களே. கதையை முழுசாகப் போட்டு உடைத்திருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆட்களும் இடமும்

என் அப்பாவின் தங்கைக்கு ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்றதும் எஸ்டேட் பங்களாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வீடு, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, காப்பிக்கொட்டை காயப்போட ஒரு சிமெண்ட் களம், வீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த்தொட்டி. டிசம்பர் கடைசியில் பழம் பறிக்கும் வேலை இருக்கும், அத்தை மலையைவிட்டு இறங்க மாட்டார். அதனால் நாங்கள் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். நான், மனைவி, பத்தாவது படிக்கும் மகள், அக்கா மகன். அவனுக்கு 20 வயது, பொறியியல் படிக்கிறான். இந்தத் தொடர் தொடங்கியபோது பத்து வயதுப் பையன். யாரிடமோ கடவுச்சொல் வாங்கி, அம்மாவுக்குத் தெரியாமல் பார்த்தவன். இந்தத் தொடரைப் பற்றி யாராவது லேசாகக் கேலி பேசினால் முகம் சுருங்கிவிடும்.

கடைசி சீசனின் 8 எபிசோடை மூன்று தவணையாக விட்டார்கள். நம் ஊர் நேரப்படி நவம்பர் 27 அன்று முதல் நான்கு, டிசம்பர் 26 அன்று அடுத்த மூன்று, ஜனவரி 1 காலை 6:30 மணிக்குக் கடைசி ஒன்று. என் மகளுக்கு நவம்பரில் பரீட்சை இருந்ததால் எல்லாரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று வாக்கு வாங்கிவிட்டாள். அக்கா மகன் ஒரு மாதம் கைபேசியில் எதையும் திறந்து பார்க்காமல் சபரிமலைக்கு மாலை போட்டவன் மாதிரி இருந்தான். ஆக, டிசம்பர் 30 ராத்திரி நான்கு, 31 அன்று மூன்று, புத்தாண்டு விடிந்ததும் கடைசி என்று திட்டம்.

அத்தைக்கு இந்தத் தொடர் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் "நானும் உக்காருறேன்" என்றார். அவருக்காகத் தமிழ் ஒலியில் பார்த்தோம். அக்கா மகனுக்கு அது பெரிய வருத்தம். ஏதாவது வசனம் வரும்போதெல்லாம் "இங்கிலீஷ்ல இது வேற மாதிரி இருக்கும் மாமா" என்று என் காதில் முணுமுணுத்தான்.

மின்சாரம் போன நேரம்

30ஆம் தேதி இரண்டாவது எபிசோட். வீலர் வீட்டுக்குள் டெமோகார்கன் என்ற மிருகம் புகுந்துவிடுகிறது. மகன் மைக் வெளியே எங்கோ இருக்கிறான். அவன் அம்மா கரென், கடைசிப் பெண் ஹாலியைக் கட்டிக்கொண்டு நிறைந்த குளியல் தொட்டிக்குள் மூச்சைப் பிடித்துப் படுத்திருக்கிறாள். தண்ணீருக்கு மேலே அந்த மிருகத்தின் நிழல். இந்த சீசன் முழுவதிலும் என்னை நிஜமாகவே பயமுறுத்திய காட்சி இதுதான் என்று இப்போதே பதிந்துவைக்கிறேன்.

சரியாக அந்த இடத்தில் கரண்ட் போனது.

ஏற்காட்டில் டிசம்பர் ராத்திரி கரண்ட் போனால் சேலத்தில் போவது மாதிரி இருக்காது. பனி ஜன்னல்வரை வந்து நிற்கும். கண்ணைத் திறந்து வைத்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று சந்தேகம் வரும். யாரும் பேசவில்லை. அப்போது பின்பக்கம் காப்பிச் செடிகள் நொறுங்கும் சத்தம். அப்புறம் மூச்சு. பெரிய, ஈரமான, நிதானமான மூச்சு.

"ஆயா, யாரோ மூச்சு விடுறாங்க" என்றாள் மகள். குரலே வரவில்லை.

"காட்டெருமை கண்ணு. தண்ணிக்கு வருது. தொட்டியில குடிச்சிட்டு அதும்பாட்டுக்குப் போயிரும். டார்ச் அடிச்சுத் தொலைக்காதீங்க" என்றார் அத்தை.

தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் போல இருந்துவிட்டுப் போனது. அதற்குள் எங்களுக்கு உயிர் திரும்பிவிட்டது. என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்ட மிருகத்தோடு ஒரு சுவர் தள்ளி உட்கார்ந்திருக்கலாம், பயம் இருக்கும், ஆனால் பைத்தியம் பிடிக்காது. மெழுகுவர்த்தி ஏற்றியதும் அத்தை சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆமா, உங்க டிவில வருதே, அதுக்கு என்ன வேணுமாம்?"

அக்கா மகன் வாயைத் திறந்தான், மூடினான். "அது பெரிய கதை ஆயா" என்றான்.

இந்த ஆய்வுக்கு எனக்குக் கிடைத்த ஒரே அளவுகோல் அந்தக் கேள்விதான். நம் பக்கத்துப் பேய்க்கதை எதை எடுத்தாலும் முதல் வரியிலேயே அதற்குப் பதில் இருக்கும். முனிக்குச் சுருட்டும் சாராயமும் சேவலும் வேண்டும். கிணற்றில் விழுந்தவளுக்கு, விழவைத்தவன் வேண்டும். ஆசை அடங்காமல் போனதுதான் அலையும். அது என்ன ஆசை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கோடாங்கி உடுக்கையை எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வியே "யாரு நீ, உனக்கு என்ன வேணும்?" என்பதுதானே.

பழைய சீசன்களில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தால்

முதல் சீசனில் பதில் ஒரே சொல்: பசி. 1983 நவம்பர் 6 ராத்திரி, இந்தியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்ற கற்பனை ஊரில் வில் என்ற பையன் சைக்கிளில் வீடு திரும்பும்போது காணாமல் போகிறான். ரத்த வாடைக்கு வரும் ஏதோ ஒன்று தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அவன் அம்மா ஜாய்ஸ் சுவரில் எழுத்துகளைக் கிறுக்கி, ஒவ்வொன்றுக்கும் மேலே கிறிஸ்துமஸ் சீரியல் விளக்கைத் தொங்கவிட்டு மகனோடு பேசுகிறாள். மிருகத்துக்கு இரை வேண்டும், தாய்க்குப் பிள்ளை வேண்டும். இதற்கு மேல் அந்த சீசனில் விளக்கம் கிடையாது, தேவையும் படவில்லை. அந்த மிருகம் வந்த 'தலைகீழ் உலகம்' ஏன் இருக்கிறது, யார் செய்தது என்று அப்போது யாராவது கேட்டார்களா?

இரண்டாவது சீசனில் வில் உடம்புக்குள் ஒரு நிழல்பூதம் புகுந்துகொள்கிறது. அதற்குச் சூடு ஆகாது, குளிர்தான் பிடிக்கும். ஜன்னலைச் சாத்தி அறையைக் கொதிக்கவைத்து விரட்டுகிறார்கள். அத்தைக்கு இந்தக் கதையை மறுநாள் சொன்னபோது, "அப்படித்தான் விரட்டணும்" என்று வேப்பிலை அடிக்கும் பாவனையில் கையை ஆட்டினார். மூன்றாவதில் எலிகளும் மனிதர்களும் உருகி ஒரே சதைமலையாகி, தன்னைத் தடுத்த, மனசக்தி கொண்ட பெண் லெவனைத் தேடி வருகிறது. பழிவாங்கல். இதுவும் நமக்குப் புரிகிற கணக்குதான்.

நான்காவதில்தான் வெக்னா. 2022இல் வந்த அந்த சீசன் எனக்கு மிகவும் பிடித்தது. மனதில் குற்ற உணர்ச்சியை ஒளித்து வைத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சுவர்க்கடிகாரம் நான்கு முறை அடிக்கும், அப்புறம் எலும்பு முறியும். பிரமாதமான பேய். ஆனால் அதே சீசனின் ஏழாவது எபிசோடில் அந்தப் பேய்க்கு வரலாறு வந்துவிட்டது. பெயர் ஹென்றி கிரீல். 1959இல் சிறுவனாக இருந்தபோதே தாயையும் சகோதரியையும் கொன்றவன், ஹாக்கின்ஸ் ஆய்வகத்தின் முதல் சோதனைப் பிள்ளை, 1979இல் லெவன் கையால் வேறு உலகத்துக்குள் தள்ளப்பட்டவன். முந்தைய சீசன்களில் நாம் பார்த்த நிழல்பூதத்துக்கு உருவம் கொடுத்ததே இவன்தான் என்று அந்த சீசனின் கடைசியில் முடிச்சுப் போட்டார்கள்.

பார்த்தபோது கை தட்டினேன், மறுக்கவில்லை. ஷாஃப்டில் சாவிப்பள்ளம் வெட்டும்போதும் யாரும் குறை சொல்வதில்லை. வெட்டாமல் சக்கரத்தைப் பொருத்த முடியாது. ஆனால் அந்த மூலையில்தான் பாரம் குவியும்.

தட்டுவடை செட்

31ஆம் தேதி சாயங்காலம் ஏழாவது எபிசோட் முடிந்ததும் அக்கா மகன் அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்லியே தீருவது என்று இறங்கினான். சேலத்திலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுபோன தட்டுவடை செட் மேஜையில் இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: இரண்டு சின்னத் தட்டைக்கு நடுவில் காரச் சட்னியும் துருவிய பீட்ரூட் கேரட்டும் வைத்துக் கொடுப்பார்கள், எங்கள் ஊர் சாயங்காலத்துக்கு அது இல்லாமல் ஆகாது.

"இங்க பாருங்க ஆயா. கீழ்த் தட்டை நம்ம உலகம். மேல் தட்டை பாதாளம்னு வேற ஒரு உலகம், பூதமெல்லாம் அங்கதான். நாம இவ்வளவு நாளா தலைகீழ் உலகம்னு நெனச்சது இந்த நடு மசாலா. அது உலகமே இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாலம். வெக்னா என்ன பண்றான்னா, பன்னெண்டு குழந்தைங்களைத் தூக்கிட்டுப் போய், அவங்க மனசோட சக்திய வெச்சு மேல் தட்டையக் கீழ இழுத்து, ரெண்டையும் ஒண்ணா நசுக்கப் பாக்குறான்."

சொல்லிக்கொண்டே நசுக்கியும் காட்டினான். பீட்ரூட் பிதுங்கி மேஜைத்துணியில் விழுந்தது. கடிகாரம் பார்த்தேன், விளக்கம் மொத்தம் 11 நிமிடம். தொடரில் இதையே வில்லின் நண்பன் டஸ்டின் ஆய்வகத்துக் குறிப்பேட்டைப் புரட்டி, புழுத்துளை, அதைத் தாங்கும் விசித்திரப் பொருள் என்றெல்லாம் சொல்கிறான். இவனுடைய தட்டுவடை அதைவிடத் தெளிவு.

அத்தை முழுசும் கேட்டார். "சரி சாமி, நசுக்கி என்ன பண்ணப் போறான்?"

பையன் கையில் நொறுங்கின தட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

இதுதான் நோய்க்கூறு. ஐந்தாவது சீசனில் எப்படி, எங்கே, எதன் வழியாக என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இருக்கிறது. பாத்திரங்கள் பக்கம்பக்கமாக அதைத்தான் பேசுகிறார்கள். ஒவ்வொரு எபிசோடிலும் யாராவது ஒருவர் கையில் கிடைத்த பொருளை வைத்துத் திட்டத்தை விளக்குகிறார், மற்றவர்கள் சுற்றி நின்று தலையாட்டுகிறார்கள். ஏன் என்ற ஒன்றுக்கு மட்டும் "கெட்டுப்போன உலகத்தை மாற்றி அமைக்க" என்பது மாதிரி ஒரு பொதுப்பேச்சு. அரசியல்வாதிக்கு அது போதும், பேய்க்குப் போதாது.

விளக்கம் கொடுத்தாலே பயம் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1990களின் கடைசியில் சன் டிவியில் வந்த 'விடாது கருப்பு' நினைவிருக்கும். குதிரையில் வரும் கருப்பு தப்புச் செய்தவனைத் தண்டித்துவிட்டுப் போகும். கடைசியில் அதற்கு மனநோய் என்று விளக்கமே கொடுத்தார்கள். ஆனாலும் அந்தக் குளம்புச் சத்தம் இன்னும் போகவில்லை, அத்தைக்கும் சரி எனக்கும் சரி. காரணம், கருப்புக்கு வேண்டியது என்ன என்பது முதல் நாளிலிருந்து மாறவே இல்லை. யார் கருப்பு என்பது மட்டும்தான் மாறியது. இங்கே நேர்மாறு. வெக்னா யார் என்பது 2022இலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் அவனுக்கு என்ன வேண்டும் என்பதை மூன்று விதமாக மாற்றிக்கொண்டே போனார்கள்.

குகை

ஹென்றி நுழையப் பயப்படும் ஓர் இடம் அவன் மனதுக்குள்ளேயே இருக்கிறது, ஒரு குகை. மேக்ஸ் என்ற பெண் அதில்தான் ஒளிந்து தப்பிக்கிறாள். நல்ல யோசனை. இதைப் பார்த்து அத்தை சிரித்துவிட்டார். ஏற்காட்டுக்காரர் அல்லவா. மேலே சேர்வராயன் கோயிலே குகைதான், குனிந்துதான் உள்ளே போக வேண்டும், உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். "குகைன்னா உள்ள சாமி இருக்கும். இவனுக்கு மட்டும் எதுக்குப் பயம்?" என்றார்.

பதில் கடைசி எபிசோடில் வருகிறது. சிறுவன் ஹென்றி அந்தக் குகையில் அடிபட்ட ஒருவனைக் கொன்று, அவன் பெட்டியில் இருந்த விசித்திரக் கல்லைத் தொட, அதன் வழியாக நிழல்பூதம் அவனுக்குள் புகுந்திருக்கிறது. அப்படியானால் பூதத்தை இவன் உருவாக்கினானா, பூதம் இவனை உருவாக்கியதா? நான்காவது சீசன் ஒன்று சொல்கிறது, ஐந்தாவது இன்னொன்று சொல்கிறது. வில் அவனிடம் "நீயும் என்னை மாதிரி அகப்பட்டவன்தான், எதிர்த்து நில்" என்று கெஞ்சுகிறான். ஹென்றி, தான் விரும்பியே சேர்ந்ததாகச் சொல்லிவிடுகிறான். ஏன் விரும்பினான்? அந்த இடத்தில் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் மொத்தத் தொடருக்கும் பேய் கிடைத்திருக்கும். சண்டைக்கு நேரமாகிவிட்டது என்று நகர்ந்துவிட்டார்கள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஹென்றியின் இளமைக் கதைக்கு 2023இல் லண்டனில் ஒரு மேடை நாடகமே போட்டார்கள், 2025இல் நியூயார்க்குக்கும் போனது. பேயின் ஜாதகத்தில் பாதி அந்த அரங்கங்களில் இருக்கிறது. நாடகம் பார்த்தவனுக்குக் குகையைக் கண்டதும் ஒரு சிலிர்ப்பு வந்திருக்கும். ஏற்காட்டில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அது திடீரென்று வந்த ஒரு குகை, ஒரு பெட்டி, ஒரு கல்.

கடைசித் துண்டு

ஜனவரி 1 காலை. வெளியே பனியில் களமே தெரியவில்லை. சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. கைபேசியை ஜன்னல் கம்பியில் துண்டால் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் படம் ஓடியது. 2 மணி 8 நிமிடப் படம், நடுவில் நின்று நின்று எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது.

மற்றவர்கள் புகார் சொல்லும் இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாதாள உலகத்தில் நடக்கும் கடைசிச் சண்டையில் பூதம் மலையளவு இருக்கிறது, ஆனால் ஒன்பது வருடமாக நம்மைத் துரத்திய டெமோகார்கன் ஒன்றுகூட அங்கே இல்லை. கூட்டத்தில் இத்தனை பேர் இருந்தும், மாயத்தோற்றம் காட்டும் சக்தியுள்ள காலி என்ற பெண்ணைத் தவிர முக்கியமான யாரும் நம் கண்ணெதிரே சாகவில்லை. டெர்மினேட்டர் புகழ் லிண்டா ஹாமில்டனைக் கூட்டிவந்து ராணுவ விஞ்ஞானி வேடம் கொடுத்தார்கள், கடைசியில் அவர் என்ன ஆனார் என்றுகூடக் காட்டவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் இவையெல்லாம் சொரசொரப்பான கடைசித் துண்டு. டெமோகார்கன் நூறைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் அந்தச் சண்டை பயமுறுத்தியிருக்காது. நமக்கு அதற்குள் வேகம் தெரியும், எடை தெரியும், பலவீனம் தெரியும், ஆசைதான் தெரியாது.

ஒரு விதிவிலக்கு. ஜாய்ஸ் கோடாலியை எடுக்கும் இடம். வெக்னா குத்துப்பட்டுக் கிடக்கிறான், அவன் கழுத்தில் வெட்டு மேல் வெட்டாக விழுகிறது, நடுநடுவே பழைய சீசன்களின் காட்சிகள். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ யாரு?" முதல் சீசனில் பையனைத் தொலைத்த தாய் என்றேன். "அப்ப இவதான் வெட்டணும்" என்றார். பேய்க்கு என்ன வேண்டும் என்று தெரியாத கதையில், இவளுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் 1983 நவம்பரிலிருந்து மாறவில்லை. அந்தக் கோடாலிக்கு அதனால்தான் கனம்.

யாருடைய பழைய நாள்?

பழைய நினைவுகளைக் கிளறுவதுதான் இந்தத் தொடரின் பலம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஐந்தாவது சீசன் நடப்பது 1987 நவம்பரில். ஊரை ராணுவம் அடைத்து வைத்திருக்கிறது, ஸ்டீவும் ராபினும் வானொலி நிலையம் நடத்துகிறார்கள். அந்த வருடத்தைச் சொன்னதும் அத்தை "எம்ஜிஆர் போன வருஷம்" என்றார். ஆமாம், டிசம்பர் 24. எனக்கு அப்போது எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டின் வாசலில் உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூடப் புரியாத இந்தியில் ராமாயணம் பார்த்தோம். வீட்டுக்கு அடித்தள அறை, ஷாப்பிங் மால், பகடை உருட்டும் டிராகன் விளையாட்டு எதுவும் எங்கள் பக்கம் இல்லை. ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறதே, எனக்குப் பழைய நாள் என்றால் அதுதான்.

அப்படியிருந்தும் முதல் சீசன் என்னைப் பிடித்துக்கொண்டது. ரொம்ப நாள் இது எனக்குப் புதிர். அப்புறம்தான் கவனித்தேன்: தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள், இரட்டையர்கள், பிறந்ததே 1984 பிப்ரவரியில். வில் காணாமல் போன ராத்திரிக்கு மூன்று மாதம் கழித்து! அவர்களுக்கே அது இரவல் நினைவுதான், வீடியோ கேசட்டில் பார்த்து வளர்ந்த காலம். இரவல் என்பதால்தான் யாரும் வாங்கிக்கொள்ள முடிந்தது. இருட்டும்வரை சைக்கிள், வீட்டில் எங்கே என்று தெரியாத ஒரு மணி நேரம், தம் கூட்டத்துக்கு மட்டும் புரியும் பாஷை. அது சேலம் அஸ்தம்பட்டியிலும் இருந்தது.

கடைசி சீசனில் ஏக்கம் வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. அது 1980களுக்காக ஏங்கவில்லை, 2016க்காக ஏங்குகிறது. பழைய காட்சிகளாகத் தொடர் காட்டுவது தன்னுடைய முதல் சீசனைத்தான். கதையில் நான்கு வருடம் நகர்வதற்குள் நடிகர்களுக்கு ஏறக்குறைய பத்து வருடம் ஓடிவிட்டது. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் மட்டும் மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய வேலைநிறுத்தமும் அதில் சேர்த்தி. பள்ளிக்கூடப் பிள்ளைகளாக நடிப்பவர்களின் தாடையைப் பார்த்து என் மனைவி சிரித்துக்கொண்டே இருந்தார். அக்கா மகன் சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கு அன்று புரியவில்லை.

உடையாமல் நின்ற பகுதி

சண்டை முடிந்தபின் வரும் கடைசி முக்கால் மணி நேரத்தில் விரிசல் இல்லை. நடுப்பாலம் வெடித்துச் சிதறும்போது லெவன் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறாள். பிரின்ஸின் பாட்டு ஓடுகிறது. ஒன்றரை வருடம் கழித்துப் பள்ளிப் பட்டமளிப்பு. பிறகு வீலர் வீட்டு அடித்தள அறையில் கடைசியாக ஒரு முறை அந்த டிராகன் விளையாட்டு. லெவனைக் காதலித்த மைக் கதை சொல்கிறான்: மந்திரக்காரி (லெவன்தான்) சாகவில்லை, அது காலி காட்டிய மாயத்தோற்றம், அவள் எங்கோ தூரத்தில் மூன்று அருவிகளுக்கு நடுவில் இருக்கிறாள். நிஜமா என்று யாருக்கும் தெரியாது. நம்புகிறேன் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். விளையாட்டுப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிவிட்டு மேலே ஏறிப் போகிறார்கள். ஹாலியும் அவள் கூட்டாளிகளும் கீழே ஓடி வருகிறார்கள்.

"அந்தப் புள்ள இருக்குதா, போயிருச்சா?" என்றார் அத்தை.

இருக்கிறாள் என்றாள் என் மகள். போய்விட்டாள் என்றேன் நான். அக்கா மகன் எதுவும் சொல்லவில்லை.

"இருக்குதுன்னா தேடிப் போகணும். போயிருச்சுன்னா கும்பிடணும். இவனுங்க ரெண்டும் பண்ணாம மேல ஏறிப் போறானுங்களே" என்றார் அத்தை.

அவர் சொன்னது பட்டமளிப்பு உடையையும் கட்டிப்பிடிப்புகளையும் விட என்னை உலுக்கிவிட்டது. தர்மபுரி, செங்கம் பக்கம் போனால் வயலோரத்தில் நடுகல் பார்க்கலாம். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு, ஊரைக் காக்க நின்றவனுக்கு நட்டது. ஊருக்காகச் செத்த கன்னிப்பெண் என்றால் குலதெய்வமாகவே ஆகிவிடுவாள். ஹாக்கின்ஸில் அவளுக்குக் கல் கிடையாது, கதைதான். ஆனால் அந்தக் கதைக்குள் போய் அவள் எதனால் தப்பினாள், எந்த நாட்டில் இருக்கிறாள் என்று தொடர் துருவவில்லை. மைக்குக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியும். அதற்கு மேல் எதையும் சொல்லாமல் விட்டார்கள். முதல் சீசனில் தெரிந்த கை அது. கடைசி முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தது.

ஒன்பதாவது எபிசோட்

நாங்கள் மலை இறங்கிய இரண்டே நாளில் இணையத்தில் ஒரு வதந்தி பிடித்துக்கொண்டது. பார்த்த முடிவு பொய், எல்லாரும் இன்னும் வெக்னாவின் மாயைக்குள்தான் இருக்கிறார்கள், ஜனவரி 7 அன்று ரகசியமாக ஒன்பதாவது எபிசோட் வரும் என்று. பட்டமளிப்பில் எல்லாரும் ஹென்றி மாதிரியே கையைக் கோத்து உட்கார்ந்திருக்கிறார்களாம், உடையின் நிறம் மாறியிருக்கிறதாம், அலமாரியில் அடுக்கிய புத்தகங்களில் செய்தி இருக்கிறதாம். அக்கா மகன் இதையெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக அனுப்பினான். முதலில் கிண்டல் செய்தேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். பத்து வயதில் தொடங்கியது அவனுக்கு இருபதில் முடிகிறது, மே மாதம் கல்லூரியும் முடியப்போகிறது. அவனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நம் கணக்கில் 8ஆம் தேதி காலை 6:30க்கு அலாரம் வைத்து எழுந்தானாம். அவன் அம்மா சொல்லித்தான் தெரியும். எதுவும் வரவில்லை. குளித்துவிட்டு எட்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அந்த வாரக் கடைசியில் அத்தை கூப்பிட்டார். "ஏண்டா, பையன் சொன்னானே ஒம்பதாவது, அது வந்துச்சா?"

"வரலைங்க அத்தை."

"சரி விடு. காட்டெருமை நேத்து ராத்திரி திரும்ப வந்துச்சு. தொட்டிய முட்டி உடைச்சிட்டுப் போயிருச்சு. வர்றப்ப ஒரு மூட்டை சிமெண்ட் எடுத்துட்டு வா."

"எந்தப் பக்கம் உடைஞ்சிருக்குங்க?"

"வடக்குப் பக்கம். அந்த மூலையில போன மழைக்கே கீறல் இருந்துச்சு, நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.